வானிலைக்கு லத்தீனில் எந்தச் சொல்? தெம்பெஸ்தாஸ், கைலும், தெம்புஸ்: ஓர் ஒப்பீடு

“இன்று வானிலை நன்றாக இருக்கிறது.” லத்தீன் படிக்கத் தொடங்கிய யாரும் சீக்கிரமே எழுத ஆசைப்படும் வரி இது. ‘இன்று’ சுலபம், ‘நன்றாக’ சுலபம். ‘வானிலை’யில்தான் பேனா நிற்கும். அகராதி முதலில் காட்டுவது தெம்பெஸ்தாஸ். ஆங்கிலம் தெரிந்தவருக்கு அதைக் கண்டதும் ‘டெம்பெஸ்ட்’ நினைவுக்கு வரும். தெளிந்த நாளைச் சொல்லப் போய்ப் புயல் என்று எழுதிவிடுவோமோ என்று தயங்குவார். அடுத்தது கைலும், ஆனால் அது வானம் ஆயிற்றே. பிரெஞ்சோ இத்தாலியனோ கொஞ்சம் தெரிந்த நண்பர் பக்கத்தில் இருந்தால், “எதற்கு இவ்வளவு யோசனை, தெம்புஸ் என்று போடு” என்பார்.

மூன்றுக்கும் ஆளுக்கொரு நியாயம் இருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறிப்பிட்ட ஒரு நாளின், ஒரு வாரத்தின் வானிலைக்குத் தெம்பெஸ்தாஸ்தான் சரியான சொல். ஆனால் அதை ஓர் அடைமொழி இல்லாமல் தனியே விடக்கூடாது. ஓர் ஊரின் தட்பவெப்பத்துக்குக் கைலும். தெம்புஸை அந்த வேலைக்குக் கூப்பிடாமல் இருப்பதே நல்லது. இனி, ஏன் என்று பார்ப்போம்.

தெம்பெஸ்தாஸ் பிறந்தது வானத்தில் இல்லை, காலத்தில். தெம்புஸ் என்றால் காலம், வேளை. அதோடு ‘தாஸ்’ என்ற பெயர் விகுதி சேர்ந்தால் தெம்பெஸ்தாஸ். இங்கே ஒரு சின்னக் கேள்வி எழும். தெம்புஸ் வேற்றுமை ஏற்கும்போது தெம்போரிஸ், தெம்போரே என்று ரகரம்தான் வரும். அதன் பிள்ளையில் மட்டும் ஸகரம் எப்படி நிற்கிறது? பழைய லத்தீனில் இரண்டு உயிர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஸ, ர ஆகத் திரிந்துவிட்டது. பின்னால் த வந்து நின்ற இடத்தில் அது தப்பித்தது. ஹொனோஸ் என்பது ஹொனோரிஸ் ஆனாலும் ஹொனெஸ்தாஸில் ஸ அப்படியே இருப்பதும் இதே கதைதான்.

தெம்பெஸ்தாஸ் தெம்புஸிலிருந்து வந்தது என்று கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானிய அறிஞர் வார்ரோவே எழுதியிருக்கிறார். ரோமானியர் சொல்லும் வேர்ச்சொல் கதைகளை அப்படியே நம்பிவிட முடியாது. அதே வார்ரோ, கைலும் என்ற சொல்லுக்கு ஏலியுஸ் என்ற இன்னோர் அறிஞர் தரும் விளக்கத்தையும் எடுத்துக் காட்டுகிறார்: செதுக்கப்பட்டது என்பதால் அந்தப் பெயர், இல்லையென்றால், வானம் திறந்து கிடப்பதால் எதிர்ப்பதமாக ‘மறைக்கப்பட்டது’ என்று பெயர் வைத்தார்கள்! ஆனால் தெம்பெஸ்தாஸ் விஷயத்தில் அவர் சொன்னது சரி.

இந்தச் சொல்லின் மிகப் பழைய பயன்பாடுகளில் ஒன்று சட்டத்தில் இருக்கிறது. கி.மு. 450 வாக்கில் எழுந்த பன்னிரண்டு பலகைச் சட்டம், வழக்கு விசாரணைக்கு நேர வரம்பு வைக்கிறது: சூரியன் மறைவதே கடைசி தெம்பெஸ்தாஸ் ஆகட்டும். இதில் மழையும் இல்லை, காற்றும் இல்லை. பொழுது சாய்ந்தால் மன்றம் கலைய வேண்டும், அவ்வளவுதான். நள்ளிரவுக்கு லத்தீனில் ‘இன்தெம்பெஸ்தா நோக்ஸ்’ என்று ஒரு பெயர் உண்டு. எந்த வேலைக்கும் வேளையில்லாத இரவு என்று பொருள். உரிய காலத்தில் வருவது தெம்பெஸ்திவுஸ். நாம் ‘காலம் தவறிய மழை’ என்கிறோமே, அதில் ‘காலம் தவறிய’ என்பதற்கு இன்தெம்பெஸ்திவுஸ் அச்சாகப் பொருந்தும்.

காலம் எப்படி வானிலை ஆயிற்று? விதைக்கிறவனும் கப்பல் ஓட்டுகிறவனும் மணி என்ன என்று கேட்பதில்லை. இது எதற்கு ஏற்ற வேளை என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் மேலே பார்த்தால்தான் கிடைக்கும். ‘எப்படிப்பட்ட வேளை வந்திருக்கிறது’ என்பதிலிருந்து ‘எப்படிப்பட்ட வானிலை’ என்பதற்கு ஓர் அடிதான் தூரம். என் கணிப்பு இது. சான்றுகளும் அந்தப் பக்கம்தான் கை காட்டுகின்றன.

கேட்டோவின் வேளாண்மை நூலைப் பாருங்கள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டு; முழுதாகக் கிடைத்திருக்கும் லத்தீன் உரைநடை நூல்களில் இதுவே பழையது. பண்ணைக்கு முதலாளி வருகிறார். வேலை நடந்த மாதிரி தெரியவில்லை. காரியக்காரன் சமாதானம் சொல்கிறான்: நான் முயன்றுதான் பார்த்தேன், அடிமைகளுக்கு உடம்பு சரியில்லை, தெம்பெஸ்தாதெஸ் (தெம்பெஸ்தாஸின் பன்மை) மோசமாக இருந்தன, சிலர் ஓடிப்போனார்கள், அரசாங்க வேலைக்கு வேறு போக வேண்டியிருந்தது. இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பும் இதே பாட்டுத்தான்! கேட்டோ விடுவாரா? மழைத் தெம்பெஸ்தாதெஸ் வந்த நாட்களில் என்னென்ன செய்திருக்கலாம் என்று பட்டியல் போடுகிறார். ஜாடிகளைக் கழுவிக் கீல் பூசியிருக்கலாம், வீட்டைச் சுத்தம் செய்திருக்கலாம், தானியத்தை இடம் மாற்றியிருக்கலாம், எருவை வெளியே அள்ளிக் குழியில் போட்டிருக்கலாம், விதையைப் புடைத்திருக்கலாம், பழைய கயிற்றைச் சரிசெய்து புதுக் கயிறு திரித்திருக்கலாம், ஆட்கள் தங்கள் ஒட்டுப்போர்வைகளைத் தைத்திருக்கலாம்.

இதில் நமக்கு வேண்டியது அந்த அடைமொழிகள். காரியக்காரன் ‘மோசமான’ என்று சேர்த்துச் சொல்கிறான், முதலாளி ‘மழை’ என்று சேர்த்துச் சொல்கிறார். தெம்பெஸ்தாஸ் என்றாலே புயல் என்று இருந்திருந்தால் ‘மோசமான’ என்ற சொல்லுக்கே வேலை இருந்திருக்காது. அதே காலத்துக் கவிஞர் என்னியுஸ், தேவர்களின் தலைவன் யூப்பிதர் சிரிப்பதைப் பாடுகிறார். எல்லாம் வல்லவனின் அந்தச் சிரிப்போடு சேர்ந்து ‘தெளிந்த தெம்பெஸ்தாதெஸ்’ எல்லாம் சிரித்தனவாம். புயல் எங்கே தெளிந்து சிரிக்கும்?

சரி, அப்படியானால் அந்தப் புயல் அர்த்தம் எங்கிருந்து வந்தது? அது மெதுவாக ஊறிக்கொண்டிருந்தது. கால் (Gaul, ஏறக்குறைய இன்றைய பிரான்ஸ்) நாட்டுப் போரைப் பற்றிய சீசரின் குறிப்புகளில், நான்காம் புத்தகத்தில் சில பக்கங்களுக்குள்ளேயே இந்த ஊறலைப் பார்க்கலாம். கி.மு. 55இல் அவர் முதல் முறையாகப் பிரித்தானியாவுக்குக் கடல் தாண்டுகிறார். 23ஆம் பகுதியில், ‘கப்பலோட்ட ஏற்ற தெம்பெஸ்தாஸ் வாய்த்ததும்’ இரவின் மூன்றாம் சாமத்தில் நங்கூரம் எடுக்கிறார். குதிரைப்படையை ஏற்றிய 18 கப்பல்கள் பின்னால் வர வேண்டும். அவை நான்காம் நாள் இளங்காற்றில் கிளம்பி, பாசறையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரம் வரைக்கும் வந்துவிட்டன. அப்போது, 28ஆம் பகுதியில், ‘திடீரென்று அவ்வளவு பெரிய தெம்பெஸ்தாஸ் கிளம்பியது’. ஒரு கப்பலாலும் போன திசையில் போக முடியவில்லை. சில கப்பல்கள் புறப்பட்ட இடத்துக்கே திரும்பின, சில தீவின் மேற்குப் பக்கமாக அடித்துச் செல்லப்பட்டன. அன்றைக்குப் பௌர்ணமி வேறு. அந்த நாளில் பெருங்கடலின் ஓதம் உச்சத்துக்கு ஏறும் என்று ரோமானியருக்குத் தெரியாது. கரையில் இழுத்து வைத்த கப்பல்களில் நீர் புகுந்தது, நங்கூரத்தில் நின்றவற்றைப் புயல் அலைக்கழித்தது. அப்புறம் 34ஆம் பகுதியில் ‘பல நாள் தொடர்ந்து தெம்பெஸ்தாதெஸ் வந்தன’ என்கிறார். நல்லதா கெட்டதா என்று சொல்லவே இல்லை. இரண்டு படைகளும் சண்டைக்குப் போகாமல் அடங்கிக் கிடந்தன என்பதிலிருந்து நாமே புரிந்துகொள்கிறோம். கடைசியில் 36ஆம் பகுதியில், திரும்பி வருவதற்கு மறுபடியும் ‘ஏற்ற தெம்பெஸ்தாஸ்’.

நல்லது என்றால் சீசர் அடைமொழி போடுகிறார். கெட்டது என்றால் சொல் தனியாகவே நிற்கிறது, அல்லது ‘கிளம்பியது’ போன்ற ஒரு வினை கூட நின்றால் போதும். என் விதியை நான் எடுத்தது இங்கிருந்துதான். லத்தீனில் எழுதுகிறவர் வேறு எதை மறந்தாலும் இந்த நான்கு இடங்களை மறக்க வேண்டாம்.

காலம் என்ற பழைய பொருளும் அதற்குள் தேயத் தொடங்கியிருந்தது. சீசர் கடல் தாண்டிய அதே கி.மு. 55இல் சிசரோ பேச்சுக்கலை பற்றி எழுதுகிறார். ‘கார்த்தேஜியன் இத்தாலிக்குள் வந்த தெம்பெஸ்தாஸில்’ என்பது போன்ற பழைய நடையைத் தானும் தயங்காமல் சொல்வேன் என்கிறார். அந்தப் பயன்பாட்டில் அப்போதே கொஞ்சம் பழமையின் வாசனை ஏறிவிட்டது என்று இதிலிருந்து தெரிகிறது. பழமையை விரும்பி அணிந்த வரலாற்றாசிரியர் சல்லுஸ்ட் மட்டும் ‘அந்தத் தெம்பெஸ்தாஸில்’ என்று அடிக்கடி எழுதுவார். அவர் ‘அக்காலத்தில்’ என்று சொல்ல வருகிறார். அங்கே புயலைத் தேடினால் ஏமாந்துபோவோம்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டுக்கு வந்தால் கெல்லியுஸ் என்ற எழுத்தாளர் கணக்கை முடித்துவைக்கிறார். பழைய நூல்களில் நடுவில் நின்று நல்லதற்கும் கெட்டதற்கும் பொதுவாக இருந்த சொற்கள், இப்போது சாதாரண மக்கள் பேச்சில் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டன என்று சொல்லி ஒரு பட்டியல் தருகிறார். பட்டியலின் முதல் சொல்லே தெம்பெஸ்தாஸ். அடுத்து உடல்நிலையைக் குறிக்கும் சொல், அதற்கடுத்து செயலைக் குறிக்கும் சொல். ஒன்று நோய்ப் பக்கமும் இன்னொன்று குற்றப் பக்கமும் சாய்ந்தவை. தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம். ‘நாற்றம்’ என்ற ஒரு சொல்லின் கதையை நினைத்துக்கொண்டால் போதும்.

ஆக, தெம்பெஸ்தாஸை எடுத்தால் கிடைக்கும் லாபம், கேட்டோவிலிருந்து சீசர் வரை நீளும் நல்ல பரம்பரை. நஷ்டம், படிப்பவர் காதில் எப்போதும் ஓர் இடி முழங்கிக்கொண்டே இருக்கும். அந்த இடியை அடக்குவதற்குத்தான் அடைமொழி. ‘ஹோதியே செரேனா தெம்பெஸ்தாஸ் எஸ்த்’, இன்று தெளிந்த வானிலை, என்று எழுதினால் ஒரு வம்பும் இல்லை. ‘ஹோதியே தெம்பெஸ்தாஸ் எஸ்த்’ என்று நிறுத்தினால், கதவைச் சாத்து என்று அர்த்தம்.

இனி கைலும். தேவாலய லத்தீன் கேட்டுப் பழகியவர்கள் இதைச் ‘சேலும்’ என்பார்கள். நான் செவ்வியல் உச்சரிப்பில் எழுதுகிறேன். முதல் பொருள் வானம். ஆனால் ஓர் ஊரின் காற்று, குளிர், வெப்பம், அந்த இடத்துக்கே உரிய சுபாவம் எல்லாவற்றையும் ரோமானியர் இந்தச் சொல்லில்தான் அடக்கினார்கள். வரலாற்றாசிரியர் தாசிதுஸ் கி.பி. 98 வாக்கில் பிரித்தானியாவைப் பற்றி எழுதும்போது, அதன் கைலும் அடிக்கடி பெய்யும் மழையாலும் மூடுபனியாலும் அவலட்சணமானது, கடுங்குளிர் மட்டும் கிடையாது என்கிறார். லண்டனில் இருப்பவர்கள் இன்றைக்கும் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். இளைய பிளினி தன் மலையடிவாரப் பண்ணைவீட்டை விவரிக்கும்போது, அங்கே குளிர்காலத்துக் கைலும் உறைய வைக்கும், ஒலிவ மரம் நிற்காது, ஆனால் லாரல் தாங்கிக்கொள்ளும் என்கிறார். ஏதென்ஸின் கைலும் மெல்லியது, அதனால் அந்த ஊர்க்காரர்கள் கூர்மையானவர்களாம். தீப்ஸின் கைலும் தடித்தது, அதனால் அங்கே உடம்பு மட்டும் வலுவாம். இது சிசரோ எடுத்துச் சொல்லும் பழைய நம்பிக்கை. தீப்ஸ்காரர்களைக் கேட்டால் வேறு சொல்லியிருப்பார்கள். கடல் தாண்டி ஓடுகிறவர்கள் கைலுமைத்தான் மாற்றுகிறார்கள், மனதை மாற்றுவதில்லை என்ற ஹொராஸின் வரியும் இதே பொருளில் வந்ததுதான்.

இவை எல்லாவற்றிலும் பேச்சு ஓர் இடத்தைப் பற்றியது. நாள் கணக்கு எங்கும் இல்லை. ‘கொடைக்கானலின் வானிலை எப்படி?’ என்று பொதுவாகக் கேட்டால் கைலும். ‘நாளைக்குக் கொடைக்கானல் போகலாமா?’ என்று கேட்டால் தெம்பெஸ்தாஸ். ஒரே ஒரு விலக்கு உண்டு. மேகம் இல்லை, தெளிவாக இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டுமானால் ‘கைலும் செரேனும்’ இன்றைய நாளுக்கும் சரிவரும். அப்போது சொல்வது நேராக வானத்தைப் பற்றித்தானே.

தமிழில் எழுதிப் பழகியவர்கள் வழுக்கும் இடமும் இதுதான். நமக்கு அன்றாடத்துக்கு வானிலை, நீண்ட காலத்துக்குக் காலநிலை. வானம் நாளைக் குறிக்கிறது, காலம் தேசத்தைக் குறிக்கிறது. லத்தீனில் அப்படியே தலைகீழ்: காலத்திலிருந்து வந்த சொல் அன்றாடத்துக்கு, வானம் நீண்ட காலத்துக்கு. பாதி பாதியாகப் பெயர்த்தால் இரண்டும் இடம் மாறிப் போகும். இலங்கைச் செய்திகளில் ‘சீரற்ற காலநிலை காரணமாக’ என்று எழுதுகிறார்களே, அங்கே காலநிலை அன்றைய மழை வெள்ளத்தைத்தான் குறிக்கிறது. அந்த வழக்கில் ஊறியவர்களுக்குத் தெம்பெஸ்தாஸ் சீக்கிரம் பிடிபடும், அடைமொழி உட்பட.

தெம்புஸைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நண்பர் சொன்னதில் நியாயம் உண்டு, ஆனால் அது பிற்கால நியாயம். பிரெஞ்சில் ‘தாம்’, ஸ்பானிஷில் ‘தியெம்போ’, இத்தாலியனில் ‘தெம்போ’ மூன்றுக்குமே காலம், வானிலை இரண்டும் பொருள். மூன்றும் தெம்புஸின் வாரிசுகள். தெம்பெஸ்தாஸின் வழியில் வந்தவையோ, பிரெஞ்சின் ‘தாம்பெத்’ ஆகட்டும், இத்தாலியனின் ‘தெம்பெஸ்தா’ ஆகட்டும், புயலைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை. பிள்ளை புயலோடு போய்விட்டது, அது விட்ட வேலையைத் தகப்பன் எடுத்துக்கொண்டார். ரோமேனிய மொழியில் ஸ்லாவ் மொழிகளிலிருந்து வந்த ‘வ்ரெமெ’ என்ற சொல்லும் காலம், வானிலை இரண்டையும் சுமக்கிறது. ஆனாலும் செவ்வியல் லத்தீனில் தெம்புஸ் என்றால் காலம், தருணம், பன்மையில் பருவங்கள். அதை வைத்து வானிலை என்று எழுதினால், படிப்பவர் ‘நல்ல நேரம்’ என்று எடுத்துக்கொள்வார், ஜோசியம் பேசுகிறோம் என்று நினைப்பார்.

மூன்று சொல்லும் அருகருகே நின்று அவரவர் வேலையைப் பார்க்கும் இடம் ஒன்று வேண்டுமானால், வெர்ஜிலின் உழவுக் கவிதையில், முதல் புத்தகத்தின் 252, 253ஆம் வரிகளைத் திறக்கலாம். வான மண்டலங்களையும் விண்மீன்களின் போக்கையும் விவரித்துவிட்டு, இதனால்தான் சந்தேகமான கைலும் இருக்கும்போதும் தெம்பெஸ்தாதெஸை முன்கூட்டி அறிகிறோம், அறுவடை நாளையும் விதைக்கும் தெம்புஸையும் அறிகிறோம் என்கிறார். கண்ணுக்கு மேலே இருப்பது கைலும், வரப்போகிற மழையும் வெயிலும் தெம்பெஸ்தாதெஸ், செய்ய வேண்டிய வேளை தெம்புஸ். வகுப்பில் இந்த இரண்டு வரிகளை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்தால் என் கட்டுரையில் பாதிக்குத் தேவையே இருக்காது.

இன்னொரு வழியும் இருக்கிறது: பெயர்ச்சொல்லே வேண்டாம் என்று விட்டுவிடுவது. மழை பெய்கிறது என்பதற்கு ‘ப்ளுயித்’, பனி பொழிகிறது என்பதற்கு ‘நிங்கித்’, இடி இடிக்கிறது என்பதற்கு ‘தோனாத்’, ஒரே சொல்லில் முடிந்துவிடும். பேசும்போது இதைத்தான் பரிந்துரைப்பேன். புயலைத்தான் சொல்ல வேண்டும், அதில் சந்தேகமே வரக்கூடாது என்றால் ‘ப்ரொசெல்லா’ என்று கடற்சூறைக்குத் தனிச்சொல் உண்டு. தன் காவிய நாயகன் ஏனெயாஸின் கப்பல்களை அடிக்கும் காற்றுக்கு வெர்ஜில் அதையும் எடுத்தாள்கிறார்.

இதுவரை எழுதுகிறவரின் பிரச்சினை. லத்தீனைத் தமிழாக்குகிறவருக்குப் பாதை எதிர்த்திசையில் போகிறது: தெம்பெஸ்தாஸைக் கண்டால் காலமா, வானிலையா, புயலா? பெரும்பாலான இடங்களில் பக்கத்துச் சொற்களே காட்டிக்கொடுத்துவிடும். ‘அந்த’, ‘எந்த’ என்ற சுட்டோடு வந்தால் காலம், அடைமொழியோடு வந்தால் வானிலை, தனியே வந்தால் புயல். அம்புகளின் தெம்பெஸ்தாஸ் என்று போர்க்களத்தில் வந்தால் அம்புமாரி என்று நம்மிடமே ஆயத்தச் சொல் இருக்கிறது.

கஷ்டமான இடம் ஒன்றைச் சொல்கிறேன். கி.மு. 259இல் கான்சலாக (ரோமின் தலைமை ஆட்சியாளர்களில் ஒருவராக) இருந்த லூசியுஸ் கொர்னேலியுஸ் சிப்பியோவின் கல்லறை வாசகம் அப்பியன் சாலையோரம் கிடைத்தது. கோர்சிகாவையும் அலேரியா நகரையும் பிடித்தான், தெம்பெஸ்தாதெஸுக்குத் தகுதியறிந்து கோயில் கொடுத்தான் என்கிறது அது. கோர்சிகக் கடலில் கப்பற்படை கிட்டத்தட்ட மூழ்கிப் பிழைத்ததற்கான நேர்த்திக்கடன் அந்தக் கோயில் என்று ஓவிடின் நாட்காட்டிக் கவிதையிலிருந்து தெரிகிறது. இந்தத் தெய்வங்களைத் தமிழில் எப்படி அழைப்பது? சொல் தனியே நிற்கிறது, கதையிலும் புயல் இருக்கிறது, என் விதிப்படி ‘புயல் தேவதைகள்’ என்றுதான் வர வேண்டும். ஆனால் கடலுக்குப் போகும் ரோமானியத் தளபதிகள் அலைகளுக்குப் பலி கொடுத்துவிட்டுப் புறப்படுவார்கள் என்று சிசரோ சொல்கிறார். அப்படிப்பட்டவர்கள் இந்தத் தேவதைகளிடம் வேண்டியது புயலை அல்ல, நல்ல வானிலையைத்தான். இந்த ஓர் இடத்தில் மட்டும் விதியை விட்டுவிட்டு ‘வானிலைத் தேவதைகள்’ என்று எழுதி, ஓவிடின் கதையைப் பக்கத்திலேயே ஒரு வரியில் சேர்த்துவிடுவேன்.